கோத்தகிரி வீட்டில் டைல்ஸ் இல்லாத மூன்று சுவர்கள்

சென்ற ஆண்டு அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில நாள்களில், எங்கள் வீட்டுக் குளியலறையின் மேற்குச் சுவரிலிருந்து 11 டைல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டியபடியே ஒரே பலகையாகப் பெயர்ந்து விழுந்தன. விடியற்காலை நேரம் என்பதால் உள்ளே எவரும் இல்லை. விழுந்த பலகையைத் திருப்பிப் பார்த்தபோது, டைல்ஸின் முதுகில் சிமென்ட் பூச்சும், அந்தப் பூச்சின் முதுகில் ஒரு விரற்கடைக் கனத்துக்குச் செம்மண்ணும் ஒட்டியிருந்தன. டைல்ஸ் சிமென்டை விடவில்லை, சிமென்ட் மண்ணை விடவில்லை. மண்தான் சுவரை விட்டுவிட்டது. அன்று தொடங்கி இந்த ஆண்டு மே மாதம் வரை நடந்த வேலையை, தவறிய இடங்களையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

வீடு கொடநாடு செல்லும் சாலையை ஒட்டி, ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்திய மேடையில் நிற்கிறது. தாத்தா காலத்துக் கட்டடம். வெளிச்சுவர்கள் 18 அங்குலக் கனமுள்ள கருங்கல் சுவர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இருப்பது சிமென்ட் அன்று, பிசைந்த செம்மண். அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூசி, ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்து வந்தார்கள். இத்தகைய சுவர் அடியிலிருந்தும் பின்னாலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். காரையின் நுண்துளைகள் வழியே அந்த ஈரம் வெளியேறிக்கொண்டும் இருக்கும். வங்கியில் 30 ஆண்டுகள் கணக்குப் பார்த்தவள் என்ற முறையில் சொன்னால், வரவும் செலவும் சரிக்கட்டும் வரை சுவருக்கு ஒன்றும் நேராது. 15 ஆண்டுகளுக்கு முன், அந்தக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசி, 8-க்கு 12 அங்குல வெள்ளை டைல்ஸை 7 அடி உயரத்துக்கு ஒட்டச் சொன்னவள் நானேதான். ஒட்டியவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் பிழை சொல்ல முடியாத வேலை. செலவு வழியை அடைத்தது என்னுடைய யோசனை.

மீதியிருந்த டைல்ஸைக் கரண்டியின் கைப்பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். தரையிலிருந்து 4 அடி உயரம் வரை பெரும்பாலானவை உள்ளே வெற்றிடம் உள்ள ஒலியைத் தந்தன. பெயர்த்தபோது பின்புறம் முழுவதும் பஞ்சுபோல உப்புப் பூத்திருந்தது. வெளியேற இடமில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, டைல்ஸ் முடியும் விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டையாகப் பூஞ்சாணம் பிடித்திருந்தது. அந்தக் கறுப்புப் பட்டையைத்தான் நான் ஆண்டுக்கு இரண்டு முறை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு வெளியே

சிவகங்கைப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்து கோத்தகிரியிலேயே தங்கிவிட்ட முதிய மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். இளமையில் செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பு வேலை பழகியவர். அவரை அழைத்து வந்து குளியலறையைக் காட்டினேன். இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, “அம்மா, செவத்துக்கு வெளியே போய்ப் பாருங்க, உள்ளே பாக்க ஒண்ணுமில்லை” என்றார்.

வெளியே, மலைப்பக்கச் சுவரை ஒட்டி, நான் ஆசையாக வளர்த்த ஹைட்ரேஞ்சியாப் பாத்தி இருந்தது. ஆண்டுக்காண்டு எருவும் மண்ணும் போட்டதில், மேலே சரிவிலிருந்து வழிந்த மண்ணும் சேர்ந்து, வெளித்தரை உள்தரையைவிட 14 அங்குலம் உயர்ந்துவிட்டிருந்தது. கூரையின் தகரத் தூம்பும் அந்தப் பாத்தியில்தான் நீரைக் கொட்டியது. நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களை, தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்குப் பருவமழையே கூடுதலாக நனைக்கும். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தச் சுவர் சேற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. செடிகளைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டு, மண்ணை உள்தரைக்கு 8 அங்குலம் கீழே வரை வெட்டி எடுத்து, சுவரிலிருந்து விலகி ஓடும்படி ஒரு கல் வாய்க்கால் அமைத்தோம். தூம்பை நீட்டி வாய்க்காலில் விட்டோம். மழை விட்ட இடைவெளிகளில் செய்ததால் 9 நாள்கள் பிடித்தன. உள்ளே எந்த அழகுப் பூச்சு பூசினாலும் இந்த 9 நாள் வேலையின் மேல்தான் அது நிற்கும் என்பதால், டைல்ஸுக்கு மாற்று தேடுகிறவர்களுக்குக் கேட்கச் சலிப்பாக இருக்கும் என்று தெரிந்தும் இதை முதலில் சொல்கிறேன்.

பிறகுதான் எதைக்கொண்டு மூடுவது என்ற பேச்சு வந்தது. சில்வர் ஓக் பலகை அடிக்கலாம் என்று தம்பி சொன்னான். தண்ணீர் நேரடியாகப் படும் சுவருக்கு அது ஆகாது. கடப்பாக் கல்லும் ஆற்றுக் கூழாங்கல்லும் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அவற்றைச் சிமென்டில் பதித்தால் பழைய கதையே திரும்பும். ஆத்தங்குடிக் கற்களின் மேல் எனக்கு நெடுநாள் ஆசை உண்டு. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி, மணலும் சிமென்டும் வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கப்படும் அந்தக் கற்கள் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறுபவை. சுவரில் யாரும் நடக்கப் போவதில்லை. தாமிரத் தகடு, கண்ணாடித் துண்டுகள் என்று இன்னும் பல யோசனைகள் வந்தன. எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் வடிகட்டினோம்: மண்ணும் கல்லுமான இந்தச் சுவரின் ஈரம் இதன் வழியே வெளியேறுமா? குளியலறைக்கு மிஞ்சியது சுண்ணாம்பு ஒன்றுதான்.

சுண்ணாம்பு

செட்டிநாட்டு வீடுகளில் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் வெண்பூச்சைப் பலரும் தொட்டுப் பார்த்திருப்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர், கடைசிப் பூச்சில் முட்டையின் வெண்கரு, பிறகு கல்லால் இழைத்தல் என்பது அதன் முறை. மொரோக்கோ நாட்டின் மராகேஷ் பகுதியில் ‘தடலக்ட்’ என்ற பெயரில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. அங்கே பொதுக் குளியல் கூடங்களின் சுவர்களுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் அதைப் பூசுகிறார்கள். வெண்கருவுக்குப் பதிலாக ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தடவிக் கல்லால் தேய்க்கிறார்கள். சோப்பு சுண்ணாம்போடு சேரும்போது நீரில் கரையாத கால்சியம் சோப்பாக மாறி நுண்துளைகளின் வாயில் படிந்துவிடுகிறது. அதனால் நீர் உள்ளே இறங்காது, ஆனால் ஆவி வெளியேறும். சமவெளியில் உப்புத் தண்ணீரில் சோப்புக் கரைத்தால் வாளியின் மேல் மிதக்கும் வெள்ளைத் திரை இதே பொருள்தான். மலைத் தண்ணீரில் கால்சியம் மிகவும் குறைவு என்பதால் எங்கள் ஊரில் அந்தத் திரை வருவதில்லை. மாறாக நுரை உடம்பைவிட்டுப் போக மறுக்கும். கோவையிலிருந்து வரும் உறவினர்கள் ஒவ்வொருவரும் இரண்டு வாளி வெந்நீரைக் கூடுதலாகச் செலவழிப்பது இதனால்தான்.

செட்டிநாட்டு அடிப்பூச்சு, மொரோக்கோ மேற்பூச்சு என்று முடிவு செய்தேன். மேஸ்திரிக்கு முட்டையை விட்டுக்கொடுக்க மனமில்லை. எங்கள் வீட்டில் என் மாமியார் முட்டையைச் சமையலறைக்குள்ளேயே அனுமதிப்பதில்லை என்றதும் சோப்புக்கு இணங்கினார்.

நவம்பரில், பொறுமையில்லாமல், கதவுக்குப் பின்னால் 3 அடிக்கு 3 அடி இடத்தில் ஒரு முன்னோட்டம் செய்தேன். ஒரு கடையில் மூட்டையாக வாங்கிய பொடிச் சுண்ணாம்பைப் பயன்படுத்தினேன். மூன்று வாரம் கழித்தும் நகத்தால் கீறினால் பூச்சு மாவாக உதிர்ந்தது. இரண்டு காரணங்கள் பின்னர் தெரிந்தன. முதலாவது, பொடி பழையது. அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தபோது நுரைத்துப் பொங்கியது. நல்ல சுண்ணாம்பு அப்படிப் பொங்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மூட்டைக்குள்ளேயே அது பாதி சுண்ணாம்புக் கல்லாக மாறிவிட்டிருந்தது என்பதே அதன் பொருள். இரண்டாவது, பனிமூட்டம். சுண்ணாம்பு காய்ந்து கெட்டிப்படுவதில்லை. கரியமில வாயுவை வாங்கிக் கெட்டிப்படுகிறது. துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால் அந்த வாயு உள்ளே நுழைய வழியில்லை. முழுவதும் காய்ந்துவிட்டாலும் வேதிவினை நின்றுவிடும். சற்று ஈரமும் நிறையக் காற்றும் வேண்டும். நவம்பர் மாதத்துக் கோத்தகிரியில் மதியம் 2 மணிக்கே மூடுபனி சன்னலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இந்த வேலைக்கு எங்கள் மலையில் ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் காலம். அந்த முன்னோட்டத்தைச் சுரண்டி எடுத்துவிட்டோம்.

டிசம்பர் தொடக்கத்தில், சுட்ட கிளிஞ்சலாகவே 50 கிலோ வரவழைத்து, நாங்களே தாளித்தோம், அதாவது தண்ணீரில் நீற்றினோம். பாதியாக அறுத்த இரும்புப் பீப்பாயில் தண்ணீரை முதலில் நிரப்பி, அதில் கிளிஞ்சலைச் சிறிது சிறிதாக இட வேண்டும். கிளிஞ்சலின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். சில நிமிடங்களில் பீப்பாய் கொதிக்கும். மூக்குக்கண்ணாடி போதாது, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் முழங்கை வரை ரப்பர் உறையும் அணிந்தே செய்தோம். ஆறியபின் சல்லடையில் வடித்து, மூடியுள்ள வாளிகளில் ஊற்றி, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி 10 வாரம் வைத்திருந்தேன். அதற்குள் அது வெண்ணெய் போலாகிவிட்டது. கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும்.

கடுக்காய் நீரில் ஒரு வேடிக்கை நடந்தது. இடித்த கடுக்காயையும் கருப்பட்டியையும் இன்னோர் இரும்புப் பீப்பாயில் ஊறப்போட்டிருந்தேன். குளிரில் சீக்கிரம் புளிக்கவில்லை என்பதால் வெந்நீர் அடுப்பின் அருகே நகர்த்தி வைத்தேன். நான்காம் நாள் திறந்து பார்த்தால் உள்ளே எழுதும் மை போன்ற கருப்பு. கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருப்பாகும். கலம்காரித் துணியில் கருப்புக் கோடு வரைவதற்கு, கடுக்காய்ப் பாலில் தோய்த்த துணியின் மேல், வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் அறியாமல் அதே சாயத்தைக் காய்ச்சியிருக்கிறேன். கொட்டிவிட்டு மண்பானையில் மறுபடியும் ஊறப்போட்டேன். மேஸ்திரி சிரித்தாரே தவிர, முன்பே சொல்லவில்லை. கேட்டபோது, நான் எதில் ஊறப்போட்டேன் என்று பார்க்கவில்லை என்றார்.

பிப்ரவரி முதல் வாரத்தில் அடிப்பூச்சு. கல் இடுக்குகளில் உதிர்ந்த மண்ணைச் சுரண்டி, உப்பைப் பிரஷ்ஷால் துடைத்து, சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையைக் கடுக்காய் நீரில் பிசைந்து அரை அங்குலம் பூசினோம். பத்து நாள் கழித்து, சல்லடையில் சலித்த மெல்லிய மணலோடு ஒன்றுக்கு இரண்டாக அடுத்த பூச்சு. கடுக்காய் நீர் பழுப்பு நிறம் ஏற்றும் என்பதால் மேற்பூச்சுக்கு அதைச் சேர்க்கவில்லை. மேற்பூச்சில் சுண்ணாம்பும் மார்பிள் பொடியும் சம பங்கு. வாளிக்கு 150 கிராம் மஞ்சள் காவி. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் இரும்பு ஆக்சைடு நிறங்களே இதற்கு ஆகும். மற்ற சாயங்கள் பல வெளுத்துவிடும்.

மேற்குச் சுவரை மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை செய்தோம். ஒரு சுவரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நேற்றைய பூச்சும் இன்றைய பூச்சும் சந்திக்கும் கோடு எவ்வளவு தேய்த்தாலும் மறையாது. காலை 7 மணிக்கு முதல் மென்பூச்சு, 11 மணிக்கு இரண்டாவது. அதன்பின் காத்திருப்பு. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது, ஆனால் விரலில் ஈரம் தெரிய வேண்டும்; அந்த நிலையில்தான் கல்லை எடுக்க வேண்டும். காரைக்குடி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிடும் என்று மேஸ்திரி சொன்ன அந்தப் பதம் எங்களுக்கு மாலை 4 மணிக்குத்தான் வந்தது. பவானி ஆற்றில் பொறுக்கிய, உள்ளங்கைக்குள் அடங்கும் வழவழப்பான மூன்று கூழாங்கற்கள் எங்கள் கருவிகள். சிறு சிறு வட்டங்களாக, அழுத்தித் தேய்க்கத் தேய்க்க மங்கலான பூச்சில் முதலில் ஒரு நனைந்த பளபளப்பும், பிறகு தோல் போன்ற மென்மையும் வந்தன. எஃகுக் கரண்டியால் அழுத்திய இரண்டு இடங்களில் கருங்கோடு விழுந்துவிட்டது. அதன்பிறகு கரண்டியை அந்தப் பக்கமே கொண்டுவரவில்லை. விளக்கைத் தாழப் பிடித்து, பக்கவாட்டு ஒளியில் மேடுபள்ளம் பார்த்துத் தேய்த்து முடித்தபோது இரவு 9.30. அடுத்த இரண்டு நாள் என்னால் தோளைத் தூக்கித் தலைவார முடியவில்லை.

மறுநாள் சோப்பு. இங்கே என் இரண்டாவது தவறையும் சொல்ல வேண்டும்; நல்லவேளையாக அதைச் சுவரில் செய்யவில்லை, ஒரு மாதிரிப் பலகையில் செய்தேன். கை கழுவும் திரவ சோப்பைத் தடவிப் பார்த்தபோது தண்ணீர் பழையபடியே உள்ளே இறங்கியது. நாம் சோப்பு என்று அழைக்கும் திரவங்களில் பலவும் உண்மையில் டிடர்ஜென்ட். அவை சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத படிவைத் தருவதில்லை. ஆலிவ் எண்ணெயில் காய்ச்சிய கைச்சோப்பை 100 கிராம் துருவி ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்துத் தடவி, மீண்டும் கல்லால் இழைத்தபோதுதான் நீர்த்துளி சேப்பங்கிழங்கு இலையின் மேல் நிற்பது போல உருண்டு நின்றது. அதன்பிறகு ஐந்து வாரம் தண்ணீர் படவே விடவில்லை. வீட்டார் அனைவரும் அந்த ஐந்து வாரமும் பின்கட்டுக் குளியலறையில் வரிசையில் நின்றார்கள்.

வடக்குச் சுவரில் அந்தக் கோடு விழுந்தேவிட்டது. பாதி பூசியபோது மின்சாரம் போய், மேஸ்திரிக்கும் உடம்பு முடியாமல் போனதால் மறுநாள் தொடர வேண்டியதாயிற்று. கண் மட்டத்தில் நெளிந்து செல்லும் அந்தக் கோட்டின் மேலேயே துண்டு போடும் கம்பியைப் பொருத்தச் சொல்லிவிட்டேன்.

பீங்கான்

சமையலறையில் மேடைக்கு மேலே 7 அடி நீளமும் 2 அடி உயரமும் உள்ள பட்டைக்கும் சுண்ணாம்பே போதும் என்று தோன்றலாம். ஆகாது. கெட்டிப்பட்ட சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட். புளியும் எலுமிச்சையும் தயிரும் அதை அரிக்கும். ரசம் தெறித்த இடமெல்லாம் மெருகு போய் மங்கிவிடும். அந்தச் சுவர் பிற்காலத்தில் கட்டிய செங்கல் தடுப்புச் சுவர்; மலையிலிருந்து விலகி, ஓதமில்லாமல் நிற்கிறது. அதனால் அங்கே சிமென்ட் வகைப் பசைகளைப் பயன்படுத்தத் தடையில்லை.

சமவெளி வீடுகளின் மொட்டைமாடியில், வெயிலைத் திருப்பியடிக்க உடைந்த வெள்ளை டைல்ஸைப் பதிப்பார்கள். சைனா மொசைக் என்பார்கள். பார்சிலோனாவின் குவெல் பூங்காவில் கட்டடக் கலைஞர் கௌதியின் வளைந்த இருக்கைகளில் இருப்பதும், சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் யாருக்கும் தெரியாமல் பல ஆண்டுகள் குப்பையைச் சேர்த்துச் செய்த, 1976-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட சண்டிகர் பாறைப் பூங்காவில் இருப்பதும் இந்த வகை வேலையே. எனக்கு வேண்டியது வெள்ளை டைல்ஸ் அன்று, தட்டும் கோப்பையும். எஸ்டேட் பங்களாக்கள் கைமாறும்போது பழைய சாமான் கடைகளுக்கு வரும், ஜோடி கலைந்த பீங்கான் தட்டுகள் இங்கே எப்போதும் கிடைக்கும். விளிம்பு உடைந்தவற்றைக் கடைக்காரர் எடைக்கே கொடுத்தார். அம்மாவின் நீலக்கரைச் சாசர்கள் நான்கு பரணில் இருந்தன. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்லி, கைப்பிடி இல்லாத ஒரு கோப்பையைக் கொடுத்தார். உடைக்கப் போகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். “இனி எதுல காப்பி குடிக்கப் போறேன், சுவத்துல இருந்தா கண்ணுல படும்” என்றார்.

கணக்குக்கு ஒன்று: 10 அங்குலத் தட்டின் பரப்பு அரைச் சதுர அடிக்குச் சற்றே கூடுதல். ஆனால் அடிவளையமும் குழிந்த விளிம்பும் போக, பதிக்க உதவுவது அதில் பாதிதான். 14 சதுர அடிக்கு எனக்கு 54 தட்டுகள் ஆயின. சுத்தியலால் உடைத்தால் துண்டுகள் விருப்பப்படி வராது. சக்கரம் வைத்த டைல்ஸ் நிப்பரால் ஓரத்தில் கவ்வி நெரித்தால் ஏறக்குறைய நாம் நினைத்த கோட்டில் பிளக்கும். விளிம்புகள் சவரக் கத்திபோல இருக்கும். ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்துச் சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தேன். இந்த ஒரு வேலைக்கே பதினைந்து மாலைகள் சென்றன.

தட்டின் துண்டு 4 மில்லிமீட்டர், கோப்பையின் துண்டு 2 மில்லிமீட்டர், அதுவும் வளைந்தது. முகம் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் துடைக்கும் துணி சிக்கும், எண்ணெய்ப் பிசுக்கு தங்கும். அதனால் சுவரில் பசையை வாரி இழுக்காமல், ஒவ்வொரு துண்டின் முதுகிலும் தேவையான கனத்துக்குப் பசை தடவி ஒட்டி, ஒரு நேர்ச்சட்டத்தை மேலே வைத்து அழுத்தி மட்டம் பார்த்தேன். நீலக்கரைத் துண்டுகளை ஒரே ஓடையாக இடமிருந்து வலமாக ஓடவிட்டேன். பாட்டியின் கோப்பைத் துண்டுகள் அடுப்புக்கு நேர் மேலே, அவர் வந்து உட்காரும் முக்காலியிலிருந்து தெரியும் இடத்தில் உள்ளன.

இடுக்குகளை நிரப்பும் கிரவுட்டை வெள்ளையில் போட எண்ணியிருந்தேன். காய்ந்த ஒரு மாதிரித் துண்டில் மஞ்சள் குழம்பை ஒரு மணி நேரம் விட்டுத் துடைத்ததும் அந்த எண்ணம் மாறியது. மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சுவருக்கு வெயில் வருவதில்லை. அடர்சாம்பல் நிறக் கிரவுட்டைப் போட்டேன். வண்ணங்களும் அதில்தான் எடுத்துக் காட்டின.

மங்களூர் ஓடும் தேயிலைப் பெட்டியும்

மூன்றாவது சுவர் நடையில், கணப்பு அடுப்பைச் சுற்றி இருப்பது. இங்கே தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை. கூரை மாற்றியபோது இறக்கி அடுக்கிவைத்த மங்களூர் ஓடுகளின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலைகளின் முத்திரை அழுந்தியிருக்கும்; சிலவற்றில் பேசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பின் பெயரும் 1865 என்ற எண்ணும் இருந்தன. அந்த எண்ணைப் பார்த்து ஓட்டின் வயதைக் கணக்கிடக் கூடாது. அது மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு அன்று. முத்திரை உள்ள பகுதியை மட்டும் டைமண்ட் பிளேடால், தண்ணீர் விட்டுக்கொண்டே, கையகலச் சதுரமாக அறுத்து, சுண்ணாம்புச் சாந்திலேயே பதித்தோம். மேலே ஒன்றும் பூசவில்லை.

கணப்புக்கு எதிர்ப்புறம், தரைக்கு மேல் 3 அடி உயரத்துக்குத் தேயிலைப் பெட்டிப் பலகைகள். காகிதச் சாக்கு வருவதற்கு முன் தேயிலையை அனுப்பிய பிளைவுட் பெட்டிகள் அவை. உள்ளே ஈயத்தாள் மினுமினுக்க, வெளியே தோட்டத்தின் பெயரும் பி.ஓ.பி., டஸ்ட் என்ற தர எழுத்துகளும் கறுப்பு மையில் அச்சாகியிருக்கும். சுவரில் நேராக அறையாமல், முக்கால் அங்குலச் சட்டங்களின் மேல், மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி விட்டு அடித்தோம். ஒரு பலகையின் பின்புறம் ஏற்கெனவே பூஞ்சாணம் இருந்ததைக் கவனிக்காமல் அடித்துவிட்டேன். வாடை வந்த பிறகு கழற்றி எறிந்தேன். அந்த இடம் இன்னும் காலியாக உள்ளது. அதே அளவில் வேறொரு பலகை கிடைக்கவில்லை.

மே மாதத்துக் கோடை மழை நல்ல சோதனையாக அமைந்தது. ஒரு வாரம் தொடர்ந்து பெய்தும் மேற்குச் சுவரின் அடியில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு மட்டும் நிறம் சற்று அடர்ந்தது. மழை விட்ட மூன்றாம் நாள் பழைய நிறத்துக்கு வந்தது. உப்புப் பூக்கவில்லை. குளிர்ந்த காலையில் வெந்நீர் பிடித்தால், முன்பு டைல்ஸில் கோடு கோடாக வழிந்த ஆவிநீர் இப்போது வழிவதில்லை; சுவர் அதை வாங்கிவைத்துக்கொண்டு மதியத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. குழாய்க்கு அருகே, மகன் எலுமிச்சைத் தோலால் வாளியைத் தேய்த்துக் கழுவிய இடத்தில் உள்ளங்கையளவு மங்கல் விழுந்துள்ளது. சோப்பு நீரும் கூழாங்கல்லும் கொண்டு தேய்த்ததில் பாதி மறைந்தது. அமிலம் கலந்த குளியலறைக் கழுவுநீரை வீட்டைவிட்டே அகற்றிவிட்டேன். கழுவுவது இப்போது அதே ஆலிவ் சோப்பு நீரில்தான், மாதம் ஒருமுறை. வடக்குச் சுவரின் மூலையில் நகம் அளவு விரிசல் ஒன்று தெரிகிறது. அதில் எச்சமிருந்த சுண்ணாம்பை நிரப்ப மேஸ்திரி வருகிற பிப்ரவரிக்குத் தேதி கொடுத்திருக்கிறார். அதுவரை அந்தச் சுண்ணாம்பு வாளியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.